பங்கின் பங்கும் பங்கே

மறைந்தவரின் சொத்தைப் பாகம் பிரிக்காமல் ஆண்டுகளைக் கடத்தும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அதற்குள் வாரிசுகளிலும் சிலர் மரணித்துவிடுவர். "இனி அந்தப் பங்கில் என்ன மிஞ்சப்போகிறது?" என்று கூறிப் பெரும்பாலும் பெண்களின் உரிமையே கைவிடப்படுகிறது. ஃபராயிள் கலையில் இந்நிலைக்கு 'முனாஸகா' என்று பெயர். இதற்கான விடை பின்னங்களின் பெருக்கலில் உள்ளது.

கடனோ வஸிய்யத்தோ இல்லாத ஒருவர், மனைவியையும் மகன்களையும் 96 சென்ட் நிலத்தையும் விட்டு மரணிக்கிறார். மனைவிக்கு 1/8. நிலம் பிரியுமுன் அவரும் மரணிக்கிறார். விதவையான அவருடைய தாய்க்கு அதில் 1/6. பின்னர் அத்தாயும் ஒரு மகளையும் உடன்பிறந்த சகோதரரையும் விட்டு மரணிக்கிறார். அம்மகளுக்கு அதில் 1/2. மூன்றையும் பெருக்கினால் 1/96, அதாவது ஒரு சென்ட்.

அரபு மொழியில் பாதி முதல் பத்தில் ஒன்று வரைதான் பின்னங்களுக்குத் தனிப்பெயர்கள் உண்டு. 1/48 என்பதை 'எட்டில் ஒன்றின் ஆறில் ஒன்று' என்றே வழங்கினர். வரிசையை மாற்றி 'ஆறில் ஒன்றின் எட்டில் ஒன்று' என்றாலும் அளவு மாறாது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா, அரசு எழுத்தர்களுக்காக இயற்றிய கணித நூலில் இம்முறையை விரிவாகக் கையாண்டார்.

அவருக்கு முன்னரே, கலீஃபா மஅமூனின் காலத்தில் (813–833) அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் பிற்பகுதி, வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது. ஒரு கணக்கில் தேடப்படும் அளவு பாதியாக நின்றால், அனைத்தையும் இரண்டால் பெருக்கி அதை முழுமையாக்கும் வழியை அந்நூல் கற்பிக்கிறது. 1/2-ஐ 2-ஆல் பெருக்கினால் ஒன்று; 1/96-ஐ 96-ஆல் பெருக்கினாலும் ஒன்று. பூஜ்ஜியம் அல்லாத எந்தப் பின்னத்திற்கும் இத்தகைய தலைகீழ் எண் உண்டு.

இவற்றினும் முக்கியமான பண்பு ஒன்றுண்டு. பூஜ்ஜியம் அல்லாத பின்னங்களை எத்தனை முறை பெருக்கினாலும் கிடைப்பது மற்றொரு பின்னமே. அது ஒருபோதும் பூஜ்ஜியமாகாது. எத்தனை தலைமுறை கடந்தாலும் பங்கு சிறுக்குமேயன்றி அழியாது. சொத்து குறைவாயினும் அதிகமாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு விதிக்கப்பட்டுள்ளது என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் ஏழாம் வசனம் உணர்த்துகிறது.

ஆகவே, ஒரு சென்ட்தானே என்று எவருடைய உரிமையையும் தள்ளிவிடாதீர்கள். உரியவரிடம் உரியதைச் சேர்ப்பிக்கும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக.