கோவளத்தில் குடியேறும் முன்

நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் மகன் ஒரே பேச்சாக இருக்கிறான்: "திருவல்லிக்கேணி போதும்மா, கோவளத்துப் பக்கம் போயிடலாம். நல்ல காத்து." காற்றைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரலாறு நடத்திப் பழகியவள் நான். ஓர் ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே குடிபோக என் மனம் ஒப்பவில்லை.

சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், முட்டுக்காட்டுக் கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது கோவளம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் இங்கே ஒரு துறைமுகத்தை வளர்த்தார்; அவர் பெயரால் அது சாதத் பந்தர் எனப்பட்டது. ஆங்கிலேயரின் சென்னைக்குப் போட்டியாக ஐரோப்பியர் பலர் இந்தக் கரையில் கண் வைத்தார்கள். பேரரசர் ஆறாம் சார்லஸிடம் 1722இல் சாசனம் பெற்ற ஓஸ்டெண்ட் கம்பெனி இங்கே பண்டகசாலை நடத்தியது. மற்ற ஐரோப்பிய அரசுகளின் நெருக்குதலால் அந்தக் கம்பெனி 1731இல் கலைக்கப்பட்டது. பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கோவளம் கோட்டையை 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்து இடித்தார். கோட்டை நின்ற இடத்தில் இன்று நட்சத்திர விடுதி நிற்கிறது.

கோட்டை போனாலும் கழியில் உப்பு விளைந்தது. சென்னை மாகாணத்தில் உப்பு வியாபாரத்தை 1805இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. அதன் பின் உப்பளத்தில் வெயிலில் நின்று வாரியவன், அதே உப்பைச் சர்க்கார் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. 1876-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு சென்னைக்குள் ஒரு துண்டு கால்வாய் வெட்டப்பட்டது. அதனால் ஏற்கெனவே வடக்கிலும் தெற்கிலும் இருந்த கால்வாய்கள் இணைந்து, அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைக் கால்வாய் பெற்றது. உப்பும் விறகும் படகேறி அதன் வழியே பட்டணம் போயின.

படகுப் போக்குவரத்து நின்றுபோனாலும் கால்வாய்க்கு வேலை தீரவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும் மழைவெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர வேண்டும். தென்சென்னைக்கு அது வடிகால் வாய். முகத்துவாரத்தில் மணல் அடைத்தால் ஊருக்குள் தண்ணீர் நிற்கும். கழியோரம் மண் கொட்டி மேடாக்கி விற்கும் மனைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

1998இல் புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு, சவுக்குத் தோப்பும் மணல்மேடும் மனைகளாயின. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இலேயே வந்துவிட்டது; உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்கு அது கட்டுப்பாடு விதித்தது. இருந்தும் மேடுகள் கரைந்தன. அந்த மேடுகள்தான் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்பவை. கடலோர மணலுக்கடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது நிலநீர்க் கணக்கு. மேலே 1 அடியை உறிஞ்சி இறக்கினால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறும்.

மீனவர் குடியிருப்பில் ஓர் அம்மா எனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஒன்று கேன் தண்ணீர். மற்றது அடிபம்பில் அடித்தது. வாயில் வைத்ததுமே கரித்தது. "எங்க மாமியா காலத்துல மணல்ல ஊத்து தோண்டித்தான் குடிச்சோம் டீச்சர், எளநி மாதிரி இருக்கும்" என்றார். கடலைப் பற்றிக் கேட்டேன். "கார்த்திகையில மண்ண அள்ளிக்கினு போவும். தை, மாசிக்கு மேல திரும்பக் கொண்டாந்து போடும். இப்போ போனது போனதுதான்." அவர் வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த மனையின் மதில் அந்த வலையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நவாப் துறைமுகம் கேட்டார், கம்பெனி உப்பு கேட்டது, இன்று நாம் காற்று கேட்கிறோம். வந்தவர் எவரும் இங்கே ஏற்கெனவே வாழ்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது முதல் அடி வாங்கியவர்கள் அவர்களே. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் அவர்களுக்குக் கரை வேண்டும். அந்தக் கரையில் நான் மதில் எழுப்பினால் அது அபகரிப்பு.

மகனிடம் என் முடிவைச் சொல்லிவிட்டேன். போவோம், ஆனால் கடலைப் பார்த்த மனை வேண்டாம், கழியோர மனையும் வேண்டாம். ஊருக்குள் பழைய தெருவில் வாடகைக்கு ஒரு வீடு. ஆழ்துளைக் கிணறு போட மாட்டோம், கூரை மழைநீரைத் தொட்டியில் பிடிப்போம்.

உங்களில் யாருக்காவது இதே ஆசை இருந்தால், பத்திரம் எழுதும் முன் சித்திரையில் போய்க் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். கார்த்திகையில் போய்க் கரை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். படகு எங்கே ஏற்றுவீர்கள் என்று மீனவரிடம் கேளுங்கள். அவர்கள் காட்டும் இடத்தை வாங்காதீர்கள்.