மருந்தான பொன்னும் நஞ்சான பொன்னும்



நான் பள்ளியில் வேதியியல் கற்பித்த நாட்களில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, பொன் எதனோடும் எளிதில் சேராது என்கிறீர்கள். அப்படியானால் அது உடம்பினுள் சென்றால் என்ன ஆகும்? வந்தவாறே வெளியே போய்விடுமா?" என்று வினவினான். "போய்விடும்" என்று கூறி அவனை அமர்த்தினேன். அவ்விடை பிழை என்பதைப் பிற்பாடே அறிந்தேன். இன்று அதனைத் திருத்திக்கொள்ள விழைகின்றேன்.

பொன்னை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் மிகத் தொன்மையானது. நம் சித்த மருத்துவத்திலும் தங்க பற்பம் உண்டு. ஆயினும் நான் இங்குச் சொல்லப் புகுவது மேலைநாட்டுக் கதை. காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் கோக், 1890இல் பெர்லினில் கூடிய மருத்துவப் பேரவையில், தங்க சயனைடு அக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று அறிவித்தார். தடுத்தது சோதனைக் குழாயில். நோயுற்ற விலங்கின் உடலில் அன்று. இவ்வேறுபாட்டை அவரே எடுத்துரைத்தார். ஆனால் கேட்டவர் பலர் முன்பாதியை மட்டுமே நினைவிற் கொண்டனர் போலும்!

1924ஆம் ஆண்டையொட்டி டென்மார்க்கில் மோல்கார்ட் என்ற பேராசிரியர் 'சானோக்ரைசின்' என்னும் தங்க உப்பைக் காசநோய்க்கு மருந்தாக்கினார். ஊசியேற்றப்பட்டோர்க்குக் காய்ச்சல் கண்டது; தோலில் தடிப்பு எழுந்தது; சிறுநீரில் புரதம் வெளிப்பட்டது. மோல்கார்ட் இதற்கு என்ன விளக்கம் தந்தார் தெரியுமா? மடியும் கிருமிகள் உமிழும் நஞ்சே இத்துன்பத்திற்குக் காரணம் என்றார். அதாவது, மருந்து செய்யும் தீங்கே மருந்தின் வெற்றிக்குச் சான்றாகிவிட்டது. இவ்வாறு நினைப்பவரை எந்த நோயாளியின் வேதனையும் திருத்த இயலாது.

திருத்தியது ஒரு நாணயம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகர்ப்புறத்துக் காசநோய் மருத்துவமனையொன்றில் ஆம்பர்சன் என்பவரும் அவர்தம் தோழர் இருவரும் 24 நோயாளிகளைத் தெரிந்தெடுத்தனர். நோயின் நிலையால் ஒத்தவர்களை இணையிணையாக்கி, இணைக்கு ஒருவராகப் பிரித்து, பன்னிருவர் கொண்ட இரு குழுக்கள் அமைத்தனர். எக்குழுவிற்குத் தங்கம் என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தீர்மானிக்கவில்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துத் தீர்மானித்தனர். மற்றைக் குழுவினர்க்கு வடித்த நீரே ஏற்றப்பட்டது. தமக்குச் செலுத்தப்படுவது எது என்பதை நோயாளிகள் அறியார். அவ்வாறு மறைக்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும், நியாயமான கேள்விதான். இன்று நோயாளியின் ஒப்புதலின்றி இதனைச் செய்தல் இயலாது. 1931இல் முடிவு வெளியாயிற்று. தங்கம் பெற்றோர்க்கு நன்மை ஏதும் விளையவில்லை; நஞ்சின் குறிகளே மிகுந்தன.

இதற்கிடையே 1929இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபோரெஸ்டியே, முடக்குவாதமும் காசநோயை ஒத்தது என்று கருதித் தங்க உப்பை அதற்குக் கொடுத்தார். கருத்து தவறு; பயனோ சிலர்க்கு மெய்யாகவே கிட்டியது. தங்க ஊசி பல பத்தாண்டுகள் அந்நோய்க்கு வழங்கிவந்தது.

இதுவரை கூறியது தங்க உப்பின் கதை. தங்கத்தையே நுண்துகளாக்கினால்? 1857இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, தங்கக் கரைசலிலிருந்து மாணிக்கச் செந்நிறமுடைய நீர்மம் ஒன்றை உண்டாக்கினார். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் அதில் மிதப்பதே அந்நிறத்திற்குக் காரணம் என்று உய்த்துணர்ந்தார். அவர் செய்த நீர்மம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றளவும் காக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். அத்துகள்கள் இவ்வளவையாலேயே அளக்கத்தக்கவை. கருவுற்றதை அறியும் சோதனைப் பட்டைகள் பலவற்றிலும், கொரோனாக் காலத்தில் வீடுகளில் பயன்பட்ட பட்டைகள் பலவற்றிலும் தோன்றிய செங்கோடு இத்தகைய தங்கமே.

பட்டையில் இருக்கும்வரை கவலையில்லை. உடலுள் செலுத்தும்போதே வினா எழுகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஒருவகைத் துகள், மணற்சத்தாகிய சிலிக்காவின்மேல் தங்க ஓடு போர்த்தது. ஏறத்தாழ 150 நானோமீட்டர் அளவினது. புற்றுக்கட்டியில் அது தங்கியபின் அகச்சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், துகள் சூடேறிக் கட்டியைக் கருக்கும். புராஸ்டேட் புற்றுநோயாளர் 16 பேரிடம் இதனைச் சோதித்த அறிக்கை 2019இல் வந்தது. 15 பேர்க்குச் சிகிச்சை நிறைவேறியது. கடுந்தீங்கு காணப்படவில்லை எனினும், 15 என்பது சிறிய எண்ணே.

தீங்கு துகளின் அளவைப் பொறுத்தது. 2007இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1.4 நானோமீட்டர் துகள் வளர்ப்பு உயிரணுக்களைக் கொல்வதையும், 15 நானோமீட்டர் துகள் பல மடங்கு மிகுதியாகச் சேர்த்தும் அவ்வாறு கொல்லாததையும் கண்டனர். துகளின் மேற்பூச்சும் காரணமாகலாம். தங்கக் கோல்களை வளர்க்கப் பயன்படும் சோப்பு போன்ற ஒரு பொருளே சில சோதனைகளில் உண்மையான நஞ்சாக இருந்தது. இரத்தத்தில் சென்ற துகள்கள் பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் படிந்து, பல மாதங்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. 'போய்விடும்' என்று நான் சொன்னதன் பிழை இதுவே.

பிழை ஒன்றோடு நிற்கவில்லை. தங்கம் உடலுள் மாறாது என்றே அறிஞர் பலரும் எண்ணியிருந்தனர். 2020இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மனித உயிரணுக்கள் அத்துகள்களைப் பல மாதங்களில் மெல்லக் கரைத்து, வேறு வடிவில் மீண்டும் படிகமாக்குவதைக் காட்டினர். அம்மாணவன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். இப்பேச்சைக் கேட்பானாயின், அவன் கேட்டது நல்ல கேள்வி என்பதையும், அதன் விடை இன்னும் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்டு வருகிறது என்பதையும் அறிந்துகொள்வானாக.