அந்தமான் தீவுகளில் சுற்றுலா

அந்தமான் தீவுகள் வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில் அமைந்துள்ள தீவுக் கூட்டம் ஆகும். இவை அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதியின் வடபகுதியாகும். இந்தியாவில் வெப்பமண்டல மழைக்காடும் பவளப் பாறைகளும் அருகருகே காணப்படும் சில இடங்களுள் இதுவும் ஒன்று. இதன் தலைநகர் போர்ட் பிளேர் ஆகும். 2024 ஆம் ஆண்டு இந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. இங்கு தமிழ் பேசுவோர் கணிசமான அளவில் வாழ்கின்றனர்.

காடும் கடலும்

தீவுகளின் பெரும்பகுதி காடுகளால் மூடப்பட்டுள்ளது. வேங்கையின் இனத்தைச் சேர்ந்த அந்தமான் படாக் இக்காடுகளின் புகழ்பெற்ற மரமாகும். கழிமுகங்களில் அலையாத்திக் காடுகள் உள்ளன. இக்காடுகள் மழைநீர் அடித்துச் செல்லும் மண்ணைத் தடுத்து நிறுத்துவதால், கடலில் உள்ள பவளங்கள் சேற்றில் மூடப்படாமல் காக்கப்படுகின்றன.

ஏற்ற காலம்

ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மி.மீ ஆகும். தென்மேற்குப் பருவமழை மே மாத நடுவில் தொடங்குகிறது. அதனைத் தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் சனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் பவளங்களைக் காண ஏற்றவை. இந்திய நேரமே இங்கும் பின்பற்றப்படுவதால் பொழுது முன்னதாகவே புலர்கிறது. திசம்பரில் மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறைகிறது. எனவே படகுப் பயணங்கள் காலையில் தொடங்குகின்றன.

போக்குவரத்து

சென்னையிலிருந்து வானூர்தியில் இரண்டேகால் மணி நேரத்தில் தலைநகரை அடையலாம். கப்பல் மூலம் ஏறத்தாழ 1,190 கி.மீ தொலைவைக் கடக்க மூன்று நாட்கள் வரை ஆகும்; கப்பல்கள் நாள்தோறும் இயங்குவதில்லை. தீவுகளுக்கு இடையே அரசுப் படகுகளும் தனியார் விரைவுப் படகுகளும் உள்ளன. காற்றும் அலையும் மிகுந்த நாட்களில் இவை நிறுத்தப்படுவதுண்டு. ஆகையால் திரும்பும் வானூர்திக்கு முந்தைய நாளேனும் தலைநகருக்கு வந்துவிடும்படி திட்டமிடுதல் நலம்.

முக்கிய இடங்கள்

* மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா: வண்டூரில் 1983 இல் அமைக்கப்பட்டது. பரப்பளவு 281.5 ச.கி.மீ. இதிலுள்ள 15 தீவுகளில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் ஆகிய இரண்டு தீவுகளுக்குப் பருவத்திற்கேற்ப மாறி மாறிப் பயணிகள் அனுமதிக்கப்படுகின்றனர். வனத்துறையின் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே பெறப்படல் வேண்டும். நெகிழிப் பொருட்களைத் தீவுக்குக் கொண்டு செல்லத் தடை உள்ளது. கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்து பவளங்களைக் காணலாம்.
* சுவராஜ் தீவு: 2018 வரை ஹேவ்லாக் எனப்பட்டது. இங்குள்ள ராதாநகர் கடற்கரை 2020 இல் நீலக்கொடிச் சான்று பெற்றது.
* சிற்றறைச் சிறை: 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. விடுதலைப் போராட்ட வீரர்கள் அடைக்கப்பட்டிருந்த இச்சிறை 1979 இல் தேசிய நினைவகமாக்கப்பட்டது.

பவளப் பாறைகளின் நிலை

பவள உயிரிகளின் உடலில் வாழும் நுண்பாசிகளே அவற்றிற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. கடல்நீர் வழக்கத்தை விட வெப்பமடையும்போது பாசிகள் வெளியேற்றப்பட்டுப் பவளம் வெளிறுகிறது; வெப்பம் நீடித்தால் இறந்துவிடுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு இத்தகைய வெளிறல் ஏற்பட்டது. 2004 திசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் சில கரைகள் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தமையால், அங்கிருந்த பவளங்கள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. தென் அந்தமான் தாழ்ந்தது. மீண்டும் வளர்ந்து வரும் பவளங்கள் ஒரு கால் மிதிப்பிலும் நங்கூரம் விழுவதாலும் உடையக்கூடியவை. இறந்த பவளத் துண்டையும் எடுத்துச் செல்வது குற்றமாகும்.

பழங்குடிப் பகுதிகள்

1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் கீழ் பழங்குடி ஒதுக்கிடங்களில் வெளியார் நுழைவது தடை செய்யப்பட்டுள்ளது. வட சென்டினல் தீவை நெருங்கவும் அனுமதி இல்லை. பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குச் செல்லும் அந்தமான் பெருவழி ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. ஒதுக்கிடத்தினுள் அமையும் சாலைப் பகுதியை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002 இல் ஆணையிட்டும் போக்குவரத்து தொடர்ந்தது. குறித்த நேரத்தில் காவலுடன் வாகனங்கள் அணியாகச் செல்கின்றன. வழியில் நிறுத்துவதும், படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும் தண்டனைக்குரியவை. வெளியாரின் நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் இல்லாத இம்மக்களுக்கு ஒரு தட்டம்மையும் பேரிடராகலாம். கடல்வழியாகப் படகில் பாராடாங் செல்வோர் இச்சாலையைத் தவிர்க்கலாம்.

பாதுகாப்பு

உவர்நீர் முதலைகள் கழிமுகங்களிலும் சில கடற்கரைகளிலும் காணப்படுகின்றன. 2010 இல் ராதாநகர் அருகே நீந்திய பயணி ஒருவர் முதலையால் கொல்லப்பட்டார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் நீரில் இறங்குவது தவிர்க்கப்பட வேண்டும்.