பாசம் என்கிற கயிறு

திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் டீக்கடையோரம் நின்றால், தெக்கத்திப் பையன்கள் ஊருக்குப் பேசுவது காதில் விழும். “பாசம் இல்லாமயாம்மா? லீவு கெடைக்கல.” அந்த இடத்தில் அன்பு, காதல், பிரியம் எதை வைத்தாலும் ஒட்டாது. தாய், தமக்கை, பிள்ளை, பிறந்த மண் என்று ஒட்டுறவுக்காகவே ஒதுக்கிவைத்த சொல் பாசம். காதலியிடம் போய் “உன்மேல் பாசமாக இருக்கிறேன்” என்று சொல்பவனுக்கு அண்ணன் பட்டம்தான் கிடைக்கும்.

இத்தனை செல்லமான சொல்லுக்குப் பழைய பொருள் சுருக்குக் கயிறு. வடமொழியிலிருந்து வந்தது. இந்திரசித்து இலக்குவனைக் கட்டிப்போட்டது நாகபாசம். கம்பர் அதற்கு ஒரு படலமே ஒதுக்கியிருக்கிறார். எமன் வீசுவது பாசக்கயிறு. பாசமே கயிறுதான் என்பது மறந்துபோய் மேலே இன்னொரு கயிற்றைச் சேர்த்துவிட்டோம், ‘நடு சென்டர்’ என்கிறோமே, அதைப் போல. பொருளை நேரில் பார்க்க வேண்டுமானால் தெருமுனைப் பிள்ளையார் போதும். மேல் கைகளுள் ஒன்றில் அங்குசம். மற்றதில் சுருக்கிட்ட வளையம். யானையை ஓட்டுவதற்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று.

சைவ சித்தாந்தம் இந்தக் கயிற்றை உயிரின் கழுத்தில் மாட்டியது. பதி, பசு, பாசம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. பசு என்றால் உயிர். அதைக் கட்டியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை மூன்றும் பாசம்; மலம், அதாவது அழுக்கு, என்றும் சொல்வார்கள். அறுத்தால்தான் வீடுபேறு. வேடிக்கை என்னவென்றால், அன்பையே சிவமாகக் கண்டவர் திருமூலர். ஆக, ஒரே சமயத்தில் அன்பு கடவுள், பாசம் அழுக்கு!

இந்த இரண்டும் மோதுவதைக் காட்டியவர் திருமுடிவாக்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்: குன்றத்தூர்ச் சேக்கிழார். 12-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரிய புராணத்தில், சிவனடியார் கேட்டார் என்பதற்காகச் சிறுத்தொண்டர் பெற்ற மகனையே அரிந்து சமைத்துப் படைக்கிறார். பாசத்தை அறுப்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் இருக்க முடியாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மகனைக் கூப்பிடு என்கிறார் வந்தவர். கூப்பிட்டதும் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதுபோல் சீராளன் ஓடி வருகிறான். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்காமல் அந்தக் கதையை முடிக்கச் சைவத்துக்கே மனம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கயிறு ஆசையானதற்கு இன்னொரு தடமும் உண்டு. காஞ்சி காமாட்சியின் கையிலும் பாசம் இருக்கிறது, கரும்பு வில்லோடு. அம்பாள் கையிலுள்ள பாசம் ராகத்தின், அதாவது ஆசையின், வடிவம் என்கிறது லலிதா சகஸ்ரநாமம். அங்கே அதை யாரும் அறுக்கச் சொல்லவில்லை, கும்பிடத்தான் சொல்கிறார்கள்.

மீதி வேலையைச் சினிமா பார்த்துக்கொண்டது. 1961-இல் பீம்சிங்கின் ‘பாசமலர்’, அடுத்த வருடமே எம்.ஜி.ஆர். நடித்த ‘பாசம்’. அண்ணன் தங்கை என்றாலே சிவாஜி, சாவித்திரி முகம் நினைவுக்கு வருகிற அளவுக்கு ஆன பிறகு, பாசத்தை மலம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆனால் கயிறு எங்கும் போய்விடவில்லை, வினைச்சொற்களில் இருக்கிறது. பாசம் ‘கட்டிப்போடுகிறது’, பாசத்துக்குக் ‘கட்டுப்பட்டு’ அண்ணன் கடனுக்கு ஜாமீன் போடுகிறோம். காதல் முறியும், நட்பு கெடும்; பாசத்தை மட்டும் ‘அறுத்துக்கொண்டு’தான் போக வேண்டும். அடுத்த தெரு நாய்மேல் அன்பு காட்டலாம், பாசம் வருவது நம் வீட்டில் கட்டியிருக்கும் நாய்மேல்தான். அன்பு முன்பின் அறியாதவரையும் தேடிப் போகும். பாசம் கயிற்றின் நீளத்தைத் தாண்டாது. வேண்டியவர்களுக்கே வேலை போட்டுக்கொடுக்கும் சாதிப் பாசமும் இந்தக் கயிறுதான்.

புது அகராதி எழுதுகிறவர்கள் ‘பாசம்: அன்பு’ என்று போட்டு நிறுத்திவிட வேண்டாம். கயிற்றையும் பக்கத்திலேயே போடுங்கள்.