நான்கு கைகள் கேட்கும் ஆல்பம்: ஃபிளேமிங் லிப்ஸின் ‘ஸைரீகா’

1997 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘ஸைரீகா’, எட்டுப் பாடல்களை நான்கு குறுவட்டுகளில் பிரித்து வைத்த ஆல்பம். எட்டுப் பாடல்களும் நான்கு வட்டுகளிலும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வட்டிலும் பாடலின் ஒரு பகுதி மட்டுமே ஒலிக்கும். நான்கு குறுவட்டுக் கருவிகளில் ஒரே சமயத்தில் ஓடவிட்டால்தான் பாடல் நிறையும். ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த சைகடெலிக் ராக் குழுவான ஃபிளேமிங் லிப்ஸின் இந்த முயற்சியை வெறும் வித்தை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. இசை விமர்சன இணையதளமான பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது. காசு கொடுத்து வாங்கியவர் நான்கு கருவிகளுக்கு எங்கே போவார் என்ற எரிச்சல் நியாயமானதே. ஆனால் அந்தச் சிரமத்தை நீக்கிவிட்டால் இந்த ஆல்பத்தில் மிஞ்சுவது பாதிதான் என்பது என் வாதம்.

1996இல் கிதார் கலைஞர் ரொனால்ட் ஜோன்ஸ் குழுவை விட்டு விலகினார். அந்தக் காலத்தில்தான் குழுவின் பாடகர் வெயின் காய்ன் கார் நிறுத்துமிடங்களில் ஒரு சோதனையைத் தொடங்கினார். தாமே தயாரித்த ஒலிநாடாக்களைப் பல கார்க்காரர்களிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, சைகை காட்டியதும் எல்லோரையும் ஒன்றாகப் போடச் சொன்னார். டேவ் ஃப்ரிட்மனின் இணைத் தயாரிப்பில் உருவான ‘ஸைரீகா’, அந்தச் சோதனையை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்தது.

இதை இசையமைப்பாளர் ஜான் கேஜின் வாரிசாகப் பார்ப்பது எளிது. 1951இல் அவர் இயற்றிய ‘கற்பனை நிலக்காட்சி எண் 4’ பன்னிரண்டு வானொலிகளையும் இருபத்து நான்கு பேரையும் வைத்து நிகழ்த்தப்படுவது. ஆனால் இந்த ஒப்பீடு வெகுதூரம் செல்லாது. தற்செயலின் வழியே தம் விருப்பு வெறுப்புகளை இசையிலிருந்து விலக்க முயன்றவர் கேஜ். ‘ஸைரீகா’வில் மெட்டும் வரிகளும் ஒலிப்பதிவும் முன்கூட்டியே தீர்மானமானவை. தற்செயல் நுழைவது ஒரே ஓர் இடத்தில்: கேட்பவர்கள் ஒன்றுகூடிப் பொத்தானை அழுத்தும் கணத்தில்.

அப்படி அழுத்தியும் நான்கு வட்டுகளும் துல்லியமாகச் சேர்ந்து ஓடுவதில்லை. கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாததால்தான் ஒலி விலகுகிறது என்பது பரவலான விளக்கம். அது அரைகுறை. குறுவட்டுக் கருவியின் குவார்ட்ஸ் கடிகாரம் ஐந்து நிமிடப் பாடலில் விநாடியின் நூறில் ஓரிரு பங்கு தவறினாலே அதிகம். அவ்வளவு சிறிய இடைவெளியைக் காது பெரும்பாலும் ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்ளும். பெரிய விலகலுக்குக் காரணம் வேறு: ஒருவரின் விரல் முந்துகிறது, இன்னொருவரின் கருவி வட்டைச் சுழற்றி எடுக்கத் தாமதிக்கிறது. இசைத்தவர்களுக்கும் இது தெரியும். பாடல்களின் தொடக்கத்தில் வட்டின் எண்ணையும் பாடலின் எண்ணையும் அறிவிக்கும் குரலைப் பதிந்திருக்கிறார்கள். யார் பிந்தினார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆக, நாம் கேட்கும் பிசிறு பெருமளவு மனிதர்களுடையது.

இந்தப் பிசிறுக்கு இடம்விட்டே பாடல்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. கடைசிப் பாடலின் முடிவில் நாய்கள் குரைக்கின்றன. நான்கு மூலைகளிலிருந்தும் எழும் குரைப்புக்குத் தாளம் சேர வேண்டிய கட்டாயமில்லை. முந்தினாலும் பிந்தினாலும் கூட்டம் பெருகுகிறதே தவிர, எதுவும் கெடுவதில்லை. மிகையான உச்ச ஒலியும் தாழ் ஒலியும் கொண்ட ‘ஹவ் வில் வீ நோ?’ பாடலிலோ அறைக்குள் நகர்ந்து நின்றாலே கேட்பது மாறுகிறது. இறுதி ஒலிக்கலவையைச் செய்யும் பொறுப்பு, ஸ்டுடியோவிலிருந்து, அறையில் இருப்பவர்களின் கைக்கும் காலுக்கும் வந்துவிடுகிறது.

சைகடெலிக் இசையை நாம் பெரும்பாலும் தனிமையோடு பொருத்தியே பேசிவந்திருக்கிறோம்: ஹெட்ஃபோன், இருட்டறை, மூடிய கண்கள், உள்நோக்கிய பயணம். ‘ஸைரீகா’ அந்த மரபைத் திருப்பிப் போடுகிறது. ஹெட்ஃபோனில் இதைக் கேட்கவே முடியாது. தனியாளாக நான்கு பொத்தான்களையும் ஒருசேர அழுத்துவதும் அநேகமாக நடவாத காரியம். நண்பர்களை அழைக்க வேண்டும், ஆளுக்கொரு கருவி கொண்டுவரச் சொல்ல வேண்டும், ஒருவர் எண்ண வேண்டும். 1999இல் வந்த இதே குழுவின் ‘தி சாஃப்ட் புல்லட்டின்’ ஆல்பம் கூடுதல் புகழ் பெற்றது. இசையின் அழகில் அது மேலானது என்றுகூட ஒப்புக்கொள்வேன். ஆனால் கேட்பவரிடம் இப்படியொரு வேலையை அது ஒப்படைக்கவில்லை.

நான்கு வட்டுகளையும் கணினியில் ஒன்றாக்கிய ஸ்டீரியோ வடிவங்களை ரசிகர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். பாடல்களைப் படிக்க, மெட்டுகளைப் பிரித்தறிய அவை பயன்படும். ஆனால் அவற்றை மட்டும் கேட்டு ‘ஸைரீகா’வை மதிப்பிடும் ஆய்வு, பல்லாயிரம் சாத்தியங்களில் யாரோ ஒருவர் உறையவைத்த ஒன்றை மூலமாக எடுத்துக்கொள்கிறது. 2013இல் இந்த ஆல்பம் வினைல் வடிவில் மறுவெளியீடு கண்டபோதும் நான்கு தட்டுகளாகவே வந்தது.