கொல்லிமலையின் நாடுகள்

இடைக்கால நகரம் என்றதும் நம் மனத்தில் எழுவது மதில் சூழ்ந்த ஐரோப்பிய ஊர்தான். பிரான்சின் கார்காசோன் அதற்கு முதல் உதாரணம். ஆனால் அங்கே கண்ணைப் பறிக்கும் கோபுரக் கூரைகள் பல, 1853-க்குப் பிறகு வியொலே-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞரின் திருப்பணியில் எழுந்தவை. ஜெர்மனியின் ரோத்தன்பர்க், 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் பெருமளவு அழிந்து மீண்டும் கட்டப்பட்ட ஊர்.

கொல்லிமலையில் மதில் கிடையாது. எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என்று ஊராட்சிப் பெயர்கள் எதிர்ப்படும். சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த நிலப்பிரிவே 'நாடு'. சமவெளியில் பெரும்பாலும் கல்வெட்டோடு நின்றுவிட்ட அச்சொல், இம்மலையாளிப் பழங்குடியினரிடம் இன்றும் புழங்குகிறது. திருத்தி வேயப்பட்ட கூரையைவிட இது எனக்கு மெய்யான இடைக்காலச் சின்னமாகப் படுகிறது.

வளப்பூர்நாட்டில்தான் அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. அப்பர் தேவாரம் குறிப்பிடும் வைப்புத்தலம்; சோழர் கல்வெட்டுகள் உண்டு. (பள்ளி என்ற சொல் சமணத்தையும் நினைவூட்டுவது தனி விவாதம்.) அம்பலவாணக் கவிராயரின் சதகம் இவ்விறைவன்மீது பாடப்பட்டதே. வருகிறவர்களோ வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு, கோயிலைக் கடந்து ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கிவிடுகிறார்கள். ஓரிக்கும் அருவிக்கும் நடுவே கிடக்கும் ஆயிரம் ஆண்டுகளைக் கேட்பாரில்லை.