தொகுத்தோர் செவி: அமெரிக்க நகர்ப்புற நாட்டார் இசை மறுமலர்ச்சியும் தொகுப்பு இசைத்தட்டுகளும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க் முதலிய அமெரிக்கப் பெருநகரங்களின் இளைஞர் பலர் கிதாரும் பாஞ்சோவும் ஏந்தித் தாம் பிறந்திராத மலைப்பகுதிகளின் பாடல்களையும், தாம் உழைத்திராத பருத்தி வயல்களின் பாடல்களையும் பாடத் தொடங்கினர். இதனை நகர்ப்புற நாட்டார் இசை மறுமலர்ச்சி என வழங்குவர். 1958இல் கிங்ஸ்டன் ட்ரையோ குழுவின் 'டாம் டூலி' விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. 1961 ஏப்ரல் 9 அன்று, வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் பாடுவதற்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்துத் திரண்ட இளைஞருக்கும் காவலருக்கும் மோதல் மூண்டது. 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் விழா மேடையில் பாப் டிலன் மின்கிதாருடன் தோன்றினார். இவ்வியக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கும் நிகழ்ச்சிகள் இவை.

இன்று இவ்வியக்கத்தைக் கற்க விழைபவர் பெரும்பாலும் அதன் தொகுப்பு இசைத்தட்டுகளின் வழியாகவே அதனைக் கேட்கிறார். தொகுப்பு என்பது பாடல்களை இட்டுவைக்கும் வெறும் பேழையன்று. எதனைச் சேர்ப்பது, எதனை அடுத்து எதனை வைப்பது, எந்த ஆண்டில் தொடங்குவது ஆகிய முடிவுகள் யாவும் தொகுத்தவருடையவை. அகநானூற்றின் பாடல்களைப் பயிலும்போது ஒற்றைப்படை எண்கள் பாலைக்கும், 2, 8 என முடிவன குறிஞ்சிக்கும் உரியன என்னும் வைப்புமுறையையும் உடன் பயில்கிறோம். தொகுத்தவரையும் தொகுப்பித்தவரையும் பெயர் சுட்டிக் குறிக்கிறோம். இசைத்தட்டுத் தொகுப்புகளுக்கு அத்தகைய கவனம் அரிதாகவே வாய்க்கிறது. நாட்டுப்புறப் பாடகர் இம்மறுமலர்ச்சிக்கு மூலப்பொருள் வழங்கியவர் மட்டுமா, அன்றி அதில் பங்குகொண்டவரா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு தொகுப்பும் ஒரு விடையைத் தன் அமைப்பிலேயே கொண்டுள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஸ்மித்தின் 84 பதிவுகள்

1952இல் மோசஸ் ஆஷ் நடத்திய ஃபோக்வேஸ் நிறுவனம் 'அமெரிக்க நாட்டார் இசைத் தொகை' என்னும் தொகுப்பை வெளியிட்டது. தொகுத்தவர் ஹாரி ஸ்மித் (1923–1991); ஓவியர், பரிசோதனைத் திரைப்படக் கலைஞர், பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர். தாம் சேர்த்து வைத்திருந்த 78 சுழற்சி இசைத்தட்டுகளிலிருந்து 84 பதிவுகளைத் தெரிந்தெடுத்து, கதைப்பாடல்கள், கூட்டிசை, பாடல்கள் என மூன்று பகுதிகளாக, ஆறு எல்.பி. தட்டுகளில் அடக்கினார். அவை ஏறத்தாழ 1927 முதல் 1932 வரை வெளிவந்தவை. மின்வழி ஒலிப்பதிவு பரவிய காலத்துக்கும், பொருளாதாரப் பெருமந்தம் இசைத்தட்டு விற்பனையை முடக்கிய காலத்துக்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளி அது.

அப்பதிவுகள் முதலில் விற்கப்பட்ட முறையை நினைவிற்கொண்டால்தான் ஸ்மித் செய்த மாற்றம் விளங்கும். 1920களின் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவர் பாடியவற்றை 'இன இசைத்தட்டுகள்' என்றும், தென்பகுதி வெள்ளையர் பாடியவற்றை 'மலைநாட்டு இசை' முதலிய பெயர்களாலும் தனித்தனி வரிசைகளில், தனித்தனி விளம்பரங்களுடன் விற்றன. ஸ்மித் இப்பிரிவினையை முற்றிலும் நீக்கினார். அவர் எழுதிய விளக்க ஏட்டில் பாடகரின் இனம் குறிக்கப்படவில்லை; கதைப்பாடல்களின் சுருக்கங்கள் செய்தித்தாளின் தலைப்புகளைப் போல எழுதப்பட்டன.

வைப்புமுறையில் இதன் விளைவைக் காணலாம். முதற்பகுதி, ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு எண்ணிட்டு வகுத்த பழைய பிரித்தானியக் கதைப்பாடல்களுடன் தொடங்குகிறது. இவற்றை மலைவாழ் வெள்ளையரின் தூய மரபுச்செல்வம் எனக் கொண்டாடுவது அக்காலச் சேகரிப்பாளர் சிலரின் வழக்கம். ஸ்மித்தின் வரிசையில் மூன்றாவதாக வருபவர் டென்னசி மலைப்பகுதியைச் சேர்ந்த வெள்ளையரான கிளாரன்ஸ் ஆஷ்லி. நான்காவதாக, அதே சைல்டு வரிசையைச் சேர்ந்த குடிகாரக் கணவனின் கதையைப் பாடுபவர் டாலஸ் நகரக் கறுப்பினக் கலைஞரான கோலி ஜோன்ஸ். இருவருக்குமிடையே ஒரு சொல் விளக்கமும் இல்லை. மிசிசிப்பி ஜான் ஹர்ட் கறுப்பினத்தவர் என்பதைக் கேட்போர் பல ஆண்டுகள் அறியாதிருந்ததைப் பிற்காலத்தில் ஸ்மித் நிறைவுடன் குறிப்பிட்டதுண்டு.

ஆயினும் இம்முறைக்கு ஒரு மறுபுறமும் உண்டு. 1952இல் அப்பதிவுகளின் வயது இருபது, இருபத்தைந்து ஆண்டுகளே. பாடியவர்களில் பலர் உயிருடன் இருந்தனர். ஸ்மித்தின் எண்களும், வானுலக ஒற்றைநரம்பு யாழைக் காட்டும் மேலுறைச் சித்திரமும் அவர்களைக் காலமற்ற தொன்மையில் நிறுத்தின. நகர இளைஞர் அத்தொகுப்பை வேதநூல் போலப் பயின்றனர் என டேவ் வான் ராங்க் கூறியதன் பொருளை இங்கே எண்ணிப் பார்க்கலாம்: வேதம் அருளியோரைத் தேடி எவரும் உடனே புறப்படுவதில்லை. மேலும், இத்தொகுப்பின் பதிவுகள் பெரும்பாலும் மூல நிறுவனங்களின் உரிமை பெறாமலே வெளியிடப்பட்டவை. முறையான முழு உரிமத்துடன் அது வெளிவந்தது 1997ஆம் ஆண்டுக் குறுவட்டுப் பதிப்பில்தான். தொன்மை எனக் கருதப்பட்டதற்கு உரிமையாளர் எவருமில்லை என்னும் மனப்பாங்கும் இதற்குத் துணைநின்றது எனலாம்.

மேலுறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களில் இர்வின் சில்பர், ஸ்மித்தின் சித்திரத்தை நீக்கிவிட்டு, பெருமந்தக் காலத்தில் பென் ஷான் எடுத்த ஏழை உழவர் ஒருவரின் ஒளிப்படத்தை இட்டார். உள்ளே அதே 84 பதிவுகள்தாம். மறைபொருள் நூலாக இருந்தது வறியோரின் ஆவணமாக மாறியது. 1997ஆம் ஆண்டுப் பதிப்பு ஸ்மித்தின் சித்திரத்தையும் விளக்க ஏட்டையும் மீட்டளித்தது. எனவே 1950களில் கேட்டவரும் 1960களின் பிற்பகுதியில் கேட்டவரும் ஒரே தொகுப்பைக் கேட்டனர் எனக் கொள்வதற்கில்லை.

நியூபோர்ட்: ஒரே மேடை, வெவ்வேறு தட்டுகள்

1963இல் நிலைமை மாறியது. ஹர்ட் 1928இல் பதிந்த பாடல் ஒன்றில் வரும் ஊர்ப்பெயரைக் கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் என்பவர் மிசிசிப்பியின் அவலான் சிற்றூரில் அவரைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் மைக் சீகர், சுரங்கத் தொழிலாளியாக வாழ்ந்து பல்லாண்டுகள் இசையைத் துறந்திருந்த டாக் பாக்ஸை வர்ஜீனியாவில் கண்டார். இருவரும் அவ்வாண்டு நியூபோர்ட் விழாவில் பாடினர்.

அவ்விழாவை வான்கார்டு நிறுவனம் 1964இல் தனித்தனித் தட்டுகளாக வெளியிட்டது. ஹர்ட் 'நியூபோர்ட்டில் ப்ளூஸ்' என்னும் தட்டில் இடம்பெற்றார்; பாக்ஸும் ஆஷ்லியும் 'நியூபோர்ட்டில் பழங்கால இசை' என்பதில் இடம்பெற்றனர். 'நாட்டுப்புற இசையும் ப்ளூகிராஸும்' என்பது இன்னொரு தட்டு. ஸ்மித் ஒருங்கிணைத்தவர்களை இவ்வகைப்பாடு மீண்டும் பிரித்தது. இது இனப்பிரிவினையே எனக் கூறிவிடவும் இயலாது. ப்ளூஸ் தட்டில் வெள்ளையரான வான் ராங்க்கும் ஜான் ஹாமண்டும் உள்ளனர். ஆனால் அதுவே நோக்கத்தக்கது. நகர வெள்ளை இளைஞர் ப்ளூஸ் என்னும் வகைக்குள் நுழைய முடிந்தது. சைல்டு கதைப்பாடலைப் பாடிய கோலி ஜோன்ஸ் போன்ற ஒருவருக்குப் 'பழங்கால இசை' என்னும் வகைக்குள் இடம் இருந்திருக்குமா என்பது ஐயமே. வகைப்பெயர் நடுநிலையாகத் தோன்றினும், கதவு ஒருபக்கமாகவே திறந்தது.

1950 என்னும் எல்லைக்கோடு

பிற்கால நினைவுத் தொகுப்புகளில் கால எல்லையே கருத்தாகிறது. ரைனோ நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'வாஷிங்டன் சதுக்க நினைவுகள்' என்னும் மூன்று குறுவட்டுத் தொகுப்பு, நகர்ப்புற நாட்டார் இசைப் பெருக்கத்தின் காலத்தை 1950–1970 எனத் தலைப்பிலேயே வரையறுக்கிறது. லெட் பெல்லி 1949 டிசம்பரில் நியூயார்க்கில் காலமானார். அடுத்த ஆண்டு அவர் பாடலாகிய 'குட்நைட் ஐரீன்' வீவர்ஸ் குழுவின் குரலில் 13 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அவ்வெற்றியிலிருந்து வரலாற்றைத் தொடங்குவது சந்தையின் நாட்காட்டியை ஏற்பதாகும். ரொனால்டு கோஹனும் டேவ் சாமுவெல்சனும் தொகுத்து 1996இல் பேர் ஃபாமிலி நிறுவனம் வெளியிட்ட பத்துக் குறுவட்டுத் தொகுப்போ, அரசியல் செயல்பாட்டுக்கான பாடல்கள் எனத் தலைப்பிட்டு 1926–1953 என எல்லை வகுக்கிறது. ஒன்றில் தொடக்கமாக நிற்கும் ஆண்டு மற்றொன்றில் முடிவை நெருங்கும் ஆண்டு. வீவர்ஸ் குழு இடதுசாரிச் சார்புக்காகக் கறுப்புப்பட்டியலில் சேர்க்கப்பட்டு மேடைகளை இழந்ததை எண்ணினால், இரண்டாவது எல்லையின் துயரம் விளங்கும்.

நியூயார்க்கில் பாடிய மலைநாட்டார்

இவ்வனைத்தினும் வரலாற்றாசிரியருக்குப் பெரிதும் பயன்படுவது, பீட்டர் சீகல் உருவாக்கி 2006இல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வெளியிட்ட 'பழங்கால இசையின் நண்பர்கள்' தொகுப்பு என்பது என் மதிப்பீடு. ரால்ஃப் ரின்ஸ்லர், ஜான் கோஹன், இஸ்ரேல் யங் ஆகியோர் 1961 முதல் 1965 வரை நியூயார்க்கில் நடத்திய கச்சேரிகளின் பதிவுகள் அதில் உள்ளன. ஆஷ்லி, பாக்ஸ், ஹர்ட் முதலியோர் இங்கே எண்ணிடப்பட்ட தொன்மங்களாக இல்லை. கைதட்டும் நகரக் கூட்டத்தின்முன், அக்கூட்டத்தை அறிந்து பாடும் சமகாலக் கலைஞர்களாக உள்ளனர். மறுமலர்ச்சியின் பங்காளர் எனும் தகுதியை அவர்களுக்கு இத்தொகுப்பு அளிக்கிறது.

எனினும் இதனுள்ளும் ஒரு மௌனம் உண்டு. 1960இல் ஆஷ்லியைச் சந்தித்த ரின்ஸ்லர், அவர் வழியாக டாக் வாட்சனைக் கண்டார். வாட்சன் அப்போது தம் பகுதியில் நடனக் குழு ஒன்றில் மின்கிதார் வாசித்துப் பிழைத்துவந்தார். நகரத்தினர் விரும்பியது மின்னிணைப்பு இல்லாத கிதாரை. வாட்சன் அத்தகைய கிதார் ஒன்றை இரவல் வாங்கியே அப்பதிவுகளுக்கு வாசித்தார். அவை ஃபோக்வேஸ் வெளியீடாக 1961இல் வந்தன. ஐந்தாண்டுகள் கழித்து டிலன் மின்கிதார் ஏந்தியதைப் பெருநிகழ்வாக எழுதாத நூலில்லை. மலைநாட்டான் ஒருவன் தன் மின்கிதாரைக் கீழே வைத்ததைத் தனி நிகழ்வாக எந்தத் தொகுப்பும் ஒலிக்கச் செய்யவில்லை. நகரம் நாட்டுப்புறத்திடம் எதனைக் கேட்க விரும்பியது என்பதற்கு, ஒலிக்காத அந்த மின்கிதாரைவிட வலிய சான்று இல்லை.

மறுபக்கம்

2020இல் டஸ்ட்-டு-டிஜிட்டல் நிறுவனம், ஸ்மித் தெரிந்தெடுத்த 84 இசைத்தட்டுகளின் மறுபக்கப் பாடல்களை அதே வரிசையில் தொகுத்து வெளியிட்டது. தொகுப்பவரின் விருப்பத்திற்கு இடமே இல்லாத விதி இது. ஸ்மித் எடுத்த பக்கத்தைத் திருப்பினால் எது வருகிறதோ அதுவே பாடல். ஆனால் அப்பக்கங்களில் மூன்றில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தன. ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட அவ்வாண்டில் நிறுவனத்தார் அம்மூன்றையும் நீக்கினர். நீக்கியதை வெளிப்படையாக அறிவிக்கவும் செய்தனர். இனம் குறிக்காத தொகை எனப் பாராட்டப்பட்ட ஒன்றின் தட்டுகள், திருப்பியவுடன் இனத்தைப் பேசின. தேர்வே செய்யாத தொகுப்பாக எண்ணப்பட்டது 81 பாடல்களுடன் வெளிவந்தது.